அறுவடை மெசினில் சென்சர் லைற் எரிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலபோக வெட்டு தொடங்கினால் பரந்தன், கண்டாவளை, வட்டக்கச்சி தொடக்கம் மல்லாவி, வவுனிக்குளம் வரைக்கும் ஒரே கேள்விதான்: "மெசின் நல்லாத்தான் ஓடுது, ஆனால் லைற் எரியுது. சென்சரைக் கழற்றி விடலாமா?" கீழே உள்ள பதில்கள் றப்பர் செயினில் ஓடும் நெல் வெட்டும் மெசின்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புதிய உழவு இயந்திரங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். உங்கள் மெசினின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள்.

லைற் எரிந்தவுடன் முதல் செய்ய வேண்டியது என்ன?

லைற்றை நம்ப வேண்டும். சென்சரில் பழுது என்று நினைப்பதற்கு முன், அது சொல்லும் விஷயம் உண்மையா என்று பாருங்கள். வைக்கோல் அடைப்பு என்று சொன்னால் அடைப்பு இருக்கிறதா? சூடு என்று சொன்னால் சூடா? எங்கள் ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை இல்லை. பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று கூப்பிடுகிறார், மேகம் கறுக்கிறது, லொறியும் வந்து நிற்கிறது. அந்த அவசரத்தில் சென்சரில் பழியைப் போட்டுவிட்டு ஓடினால் பெல்ற் கருகும், இல்லாவிட்டால் எஞ்சினே போகும்.

வரிசை இதுதான்: முதலில் விஷயம் உண்மையா, பிறகு பற்றரியும் பியூஸும், பிறகு வயரும் கனெக்டரும் எர்த்தும், கடைசியில்தான் சென்சர். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, புதுச் சென்சர் வாங்கிப் பூட்டிய பிறகும் அதே லைற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கை வைக்குமுன் எஞ்சினை நிற்பாட்டித் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள். வெட்டும் தலையைத் தூக்கியிருந்தால் அதன் பூட்டைப் போடாமல் கீழே குனிய வேண்டாம்.

"அண்ணை, தாங்கி அரைவாசிதான் நிறைஞ்சிருக்கு. ஆனால் ஹோர்ன் அடிச்சபடி நிக்குது."

நெல் தாங்கிக்குள் இருப்பது பல மெசின்களில் ஒரு சாதாரண அமுக்குச் சுவிட்ச். நெல் வந்து அதன் தகட்டையோ றப்பர் மூடியையோ அழுத்தினால் சுற்று இணைந்து ஹோர்ன் அடிக்கும். ஈர நெல்லும் பதரும் தூசியும் தகட்டுக்குப் பின்னால் இறுகினால் அது அமுங்கியபடியே நிற்கும். தாங்கியை வெறுமையாக்கி, தகட்டைத் துடைத்து, கையால் அமுக்கி விட்டுப் பாருங்கள். கிளிக் என்று போய் வர வேண்டும்.

துடைத்தும் அடித்தால் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஹோர்ன் நின்றால் கோளாறு சுவிட்சில். நிற்காவிட்டால் வயர் எங்கேயோ தோல் உரிந்து இரும்பில் முட்டுகிறது. தாங்கியின் அடியில் வயர் வளைந்து வரும் மூலையில் முதலில் தேடுங்கள்.

காலையில் மட்டும் அலாரம் அடிக்கிறது, பத்து மணிக்குப் பிறகு நிற்கிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பனி ஈரத்தோடு வெட்டுகிறீர்கள். ஈர வைக்கோல் பாரம் கூடியது, ஓகர்களில் (நெல்லையும் பதரையும் தள்ளும் திருகுத் தண்டுகளில்) சிக்கும், பெல்ற் வழுக்கும், சுற்று வேகம் குறையும். அப்போது சென்சர் சரியாகவே சொல்கிறது. பனி காய்ந்த பிறகு வயலுக்குள் இறங்குங்கள், அல்லது வேகத்தைக் குறைத்து வெட்டுங்கள்.

மற்றது, கனெக்டருக்குள் இரவுப் பனி இறங்கியிருக்கிறது. வெயிலில் உலர்ந்ததும் சரியாகிவிடும். வெட்டாமல் சும்மா ஓட விடும்போதும் காலையில் அலாரம் அடித்தால் கோளாறு கனெக்டரில் என்று எடுக்கலாம்.

இதற்கு எதிர்மாறாக, நடுமத்தியானச் சூட்டில் மட்டும் வந்து போகும் பழுது என்றால் சென்சரின் உள்ளேயே ஒரு வெடிப்பு இருக்கக்கூடும். உலோகம் சூட்டில் விரியும்போது விலகி, ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

எஞ்சின் சூடு என்று காட்டுகிறது. சென்சரா, உண்மையா?

நெல் வெட்டும் மெசினில் பெரும்பாலும் உண்மை. றேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் வலையில் பதரும் தூசியும் அப்பி, காற்றுப் போகாமல் நிற்கும். வலையைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு உள்பக்கத் தகடுகளைக் காற்றடித்து, எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி ஊதுங்கள். காற்றாடிப் பெல்ற்றின் இறுக்கத்தையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. வெட்டு வயலில் கொதிநீர் பட்டு முகம் வெந்தால் ஆஸ்பத்திரி கிட்ட இல்லை.

எல்லாம் சுத்தம், தண்ணீரும் மட்டத்தில், ஆனால் முள் மட்டும் மேலே நிற்கிறது என்றால் சென்சர் வயரைக் கழற்றுங்கள். ஒற்றை வயர் வரும் பழைய வகைகளில் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். விழாவிட்டால் வயர் எங்கேயோ இரும்பில் முட்டி எர்த்தாகிக் கிடக்கிறது.

சென்சரை வெளியே எடுத்தும் சோதிக்கலாம். ஒரு கேத்தல் தண்ணீருக்குள் அதன் நுனியை விட்டு, மல்ரிமீற்றரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்துத் தண்ணீரைச் சூடாக்குங்கள். சூடு ஏற ஏற ஓம் குறைந்துகொண்டு போக வேண்டும். பல வகைகளில் சாதாரணச் சூட்டில் இரண்டாயிரம் ஓம் அளவில் தொடங்கி, தண்ணீர் கொதிக்குமுன் முந்நூறுக்குக் கீழ் வந்துவிடும். சரியான எண்ணைவிட, தாவாமல் ஒழுங்காக இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். இடையில் தாவினாலோ அசையாமல் நின்றாலோ அந்தச் சென்சர் முடிந்தது.

ஒயில் லைற்?

உடனே நிற்பாட்டுங்கள். வேறு சில லைற்றுக்கு "வரம்பு மட்டும் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம்" என்று சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது. ஒயில் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பெயாரிங்குகள் போய்விடும்.

ஒயில் மட்டம் சரி என்றால் சுவிட்சைச் சோதிக்கலாம். பழைய வகை ஒற்றை வயர்ச் சுவிட்ச், எஞ்சின் நிற்கும்போது எர்த்தோடு இணைந்திருக்கும். அழுத்தம் வந்ததும் விலகும். ஆகவே திறப்பைப் போட்டு எஞ்சின் எடுக்குமுன் லைற் எரிய வேண்டும். அப்போதே எரியாவிட்டால் பல்ப்போ வயரோ பழுது. உங்களுக்கு எச்சரிக்கையே இல்லாமல் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். திறப்பு மட்டும் போட்ட நிலையில் வயரைக் கழற்றினால் லைற் அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எர்த்தாகிறது.

அணைகிறது என்றால்? பழுது சுவிட்சிலா, அழுத்தம் உண்மையிலேயே குறைவா என்பதை வயரால் சொல்ல முடியாது. சுவிட்ச் இருக்கும் துளையில் கராஜ்காரரின் அழுத்த மீற்றரைப் பூட்டி அளந்தால்தான் தெரியும். அதுவரை எஞ்சினை எடுக்க வேண்டாம்.

திரையில் எண் வருகிறது. அதை எப்படி வாசிப்பது?

முதலில் போனில் படம் எடுங்கள். சில மெசின்களில் பற்றரியைக் கழற்றினால் பதிவு அழிந்து போகும், மெக்கானிக் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. பாவித்த மெசின் என்றால் திரையில் ஜப்பான் எழுத்தும் வரலாம். போனின் மொழிபெயர்ப்புக் கமரா அதற்குப் போதும்.

கணினியால் கட்டுப்படும் எஞ்சின்கள் பலவற்றில் எண் இரண்டு பகுதியாக வரும். எஸ்பிஎன் (SPN) எந்த உறுப்பு என்று சொல்லும்: 110 என்றால் குளிர்நீரின் சூடு, 100 ஒயில் அழுத்தம், 190 எஞ்சின் சுற்று வேகம், 97 டீசலுக்குள் தண்ணீர். எஃப்எம்ஐ (FMI) என்பது என்ன மாதிரியான கோளாறு என்று சொல்லும். எங்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் பெறுமதி. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் மின்சுற்று அறுந்து கிடக்கிறது.

சூட்டுச் சென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ கணினிக்கு வோல்ட் மேலே தெரியும், 5க்குப் பதில் 3 வரும். வயர் தோல் உரிந்து இரும்பில் முட்டினால் வோல்ட் விழும், 4 வரும். 110 உடன் 3 வந்தால் நீங்கள் தேட வேண்டியது அறுந்த வயரை. 110 உடன் 0 வந்தால் வயரைத் தொடவே வேண்டாம். அது எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது என்ற செய்தி.

97 வந்தால் டீசல் வடியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகிய பழக்கம், இன்னும் பலர் டீசலைக் கலனிலும் பீப்பாவிலும் வாங்கி வைக்கிறார்கள். அதில் தண்ணீர் சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இந்த வகை எஞ்சினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை ஓடும்போது தளர்த்திப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மல்ரிமீற்றர் வாங்கியாச்சு. எங்கே வைத்து எதை அளப்பது?

பற்றரியில் தொடங்குங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் வேண்டும். சார்ஜ் இல்லாத மெசினில் நாலைந்து சென்சர் ஒரேயடியாகப் பழுது காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட லைற் சேர்ந்து எரிந்து, அவை சொல்லும் விஷயம் உண்மையில்லை என்றால் சென்சரைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டாம். பற்றரி, எர்த், பியூஸ், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

அடுத்தது எர்த். மீற்றரைச் சிறு வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதைச் சென்சரின் எர்த் வயரிலும் வையுங்கள். திறப்புப் போட்ட நிலையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சேறும் துருவும் ஏறிய எர்த் போல்ட்டைக் கழற்றி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டுங்கள். பூநகரிப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் மெசின்களுக்கு இந்த ஒரு வேலையிலேயே பாதிக் கோளாறு தீரும்.

பிறகு சென்சர். எத்தனை வயர் என்று பாருங்கள்.

இரண்டு வயர் வந்து, உள்ளே சுவிட்ச் என்றால், கழற்றி ஓம் பார்த்தால் போதும்: இணைந்தால் பூச்சியத்துக்குக் கிட்ட, விலகினால் ஒன்றும் காட்டாது. இரண்டு வயர் வந்து, சுற்று வேகம் பார்க்கும் காந்தச் சென்சர் என்றால் சில நூறு ஓம் முதல் ஓரிரண்டாயிரம் வரை காட்டும். தண்டு சுற்றும்போது மாறுமின்னோட்ட வோல்ட்டில் வைத்தால் சிறு அளவு எழும்ப வேண்டும்.

மூன்று வயர் என்றால் ஓம் பார்ப்பதில் பயனில்லை, உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. கனெக்டரைக் கழற்றித் திறப்பைப் போட்டால், வயர்ப் பக்கத்தில் ஒரு முனையில் 12 அல்லது 5 வோல்ட் வர வேண்டும், இன்னொன்று எர்த். இவை இரண்டும் வந்தால் அந்த இரண்டு வயரிலும் பிழையில்லை. மறுபடி பூட்டி, மூன்றாவது வயரை அளந்துகொண்டு சென்சரின் முகத்துக்கு ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுபோய் எடுங்கள். அளவு மாற வேண்டும். கடையில் விற்கும் கிட்டுணர் (கிட்ட வரும் இரும்பை உணரும்) சென்சர்களில் கபிலம் நேர், நீலம் மறை, கறுப்பு சைகை. மெசினோடு வந்த வயரில் நிறம் வேறாக இருக்கலாம்.

பல்ப் வைத்த ரெஸ்ரரைக் கணினிக்குப் போகும் வயர்களில் குத்தாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டமே கணினியைச் சுட்டுவிடும்.

மீற்றர் இல்லை, வயலுக்குள் நிற்கிறோம். வேறு வழி?

இடம் மாற்றிப் பார்க்கலாம். ஓகர்களில் ஒரே மாதிரியான இரண்டு சுற்று வேகச் சென்சர் இருந்தால், மேலே அச்சிட்ட இலக்கம் ஒன்றா என்று பார்த்து, இரண்டையும் மாற்றிப் பூட்டுங்கள். பழுது சென்சரோடு சேர்ந்து மற்ற ஓகருக்குப் போனால் சென்சர்தான் பழுது. இருந்த இடத்திலேயே நின்றால் வயர் அல்லது ஓகர். மெக்கானிக் காலையில் வந்து செய்யும் முதல் வேலையும் இதுவாகத்தான் இருக்கும்.

சென்சருக்கும் அது பார்க்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். வழக்கமாக ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர். கல்லோ கட்டையோ அடித்துத் தகடு வளைந்தால் சென்சருக்குப் பல் தெரியாது. முகத்தில் இரும்புத் தூள் அப்பியிருந்தாலும் அப்படித்தான்.

எந்த இடத்தில் வயர் கூடுதலாகப் பழுதாகும்?

அசையும் இடங்களில். வெட்டும் தலை ஏறி இறங்கும் மூட்டு, தாங்கியின் நெல் கொட்டும் குழாய் திரும்பும் அடி, எஞ்சின் மூடியின் பிணைச்சல். வயரின் தோல் வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். திறப்பைப் போட்டுவிட்டு ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வயரைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டு போக வேண்டும். லைற் மினுங்கும் இடத்தில் அறுவை இருக்கிறது. எஞ்சின் ஓடாமல்தான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது எலி. வைக்கோலும் சிந்திய நெல்லும் உள்ள மெசின் எலிக்குக் கலியாண வீடு. இருக்கைக்குக் கீழேயும் பற்றரிப் பெட்டிக்குப் பின்னாலும் பாருங்கள்.

அறுந்த வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினால் போதாதா?

அன்றைய வயலை முடிக்கப் போதும், அடுத்த வயலுக்குப் போதாது. அதிர்விலும் ஈரத்திலும் முறுக்கு தளர்ந்து செம்பு பச்சையாகும். பிறகு வரும் கோளாறு விட்டு விட்டு வருவதால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். நசுக்கி இணைக்கும் செப்புக் குழலைப் போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் றப்பர் குழாயை இழுத்து விடுங்கள். ஈயம் வைத்தால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். ஈயம்தான் வழி என்றால் இரண்டு பக்கமும் அசையாமல் கட்டி விடுங்கள்.

கனெக்டரைத் துடைக்கப் பெற்றோல் வேண்டாம், றப்பர் வளையம் ஊதிப்போகும். அதற்கென விற்கும் ஸ்பிறேயை அடித்து, உலர விட்டு, கனெக்டருக்கான சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் பூசுங்கள்.

"சென்சரை டிரெக்ட் பண்ணிவிட்டு இந்தப் போகத்தை ஓட்டலாமோ?"

டிரெக்ட் பண்ணுவது, அதாவது சென்சரை விலக்கி வயரை நேராக இணைப்பது, எந்தச் சென்சர் என்பதைப் பொறுத்தது. தாங்கி நிறைந்ததைச் சொல்லும் சுவிட்ச் என்றால் ஆளை வைத்துக் கண்ணால் பார்த்துச் சமாளிக்கலாம். வைக்கோல் அடைப்புச் சென்சரை நேராக்கினால் அடைப்பு வந்தது தெரியாமல் பெல்ற் தேய்ந்து சூடேறும். சுற்றிவரக் காய்ந்த வைக்கோல், தீப்பிடிக்க வேறு என்ன வேண்டும்? அதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

இருக்கைச் சுவிட்ச், நடுநிலைச் சுவிட்ச், கதிரடிக்கும் கிளச்சின் பாதுகாப்புச் சுவிட்ச் ஆகியவற்றை ஒருபோதும் நேராக்காதீர்கள். அவை மெசினைக் காப்பாற்றுவதற்காகப் பூட்டியவை அல்ல, அடைப்பை இழுக்கக் கை விடும் பெடியனைக் காப்பாற்றப் பூட்டியவை. வெளிமாவட்டங்களில் இருந்து வெட்டுக்கு வரும் மெசின்களில் இவை ஏற்கனவே நேராக்கப்பட்டிருக்கக் கூடும். வயல்காரர் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை.

பியூஸும் இதே கதைதான். 10 அம்பியர் பியூஸ் எரிந்தால் 10 போடுங்கள். 30 போட்டாலோ கம்பி முறுக்கி வைத்தாலோ அடுத்த முறை எரிவது வயர்க்கட்டு.

வயலில் வெல்டிங் செய்தோம், அதிலிருந்து எல்லா லைற்றும் எரிகிறது.

வெல்டிங் மின்னோட்டம் கணினி வழியாக எர்த்துக்குப் போயிருக்கலாம். முதலில் எல்லா பியூஸையும் சோதியுங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு முடியும். இனிமேல் வெல்டிங்குக்கு முன் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள், கணினியின் கனெக்டரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். செயின் சட்டத்தில் பிடித்துக்கொண்டு வெட்டும் தலையில் ஒட்டினால் மின்னோட்டம் இடையிலுள்ள எல்லாவற்றையும் கடந்துதான் போகும்.

ஒரிஜினல் சென்சர் விலை கூட. வேறு போடலாமா?

சுவிட்ச் வகை என்றால் அளவும் பொருத்தும் துளையும் சரியாக இருந்தால் போடலாம். கிட்டுணர் சென்சர் என்றால் பழையதில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்: எத்தனை வோல்ட், என்பிஎன்னா (NPN) பிஎன்பியா (PNP), அதாவது சைகை மறைப் பக்கம் இணைவதா நேர்ப் பக்கம் இணைவதா, சாதாரண நிலையில் திறந்ததா மூடியதா. இதில் ஒன்று மாறினாலும் பூட்டும், ஆனால் வேலை செய்யாது. சூட்டுச் சென்சருக்கு இலக்கம் அப்படியே பொருந்த வேண்டும். மரை பொருந்துகிறதே என்று வேறொன்றைப் போட்டால் முள் பொய் சொல்லும், எஞ்சின் கொதிக்கும்போதும் நடுவிலேயே நிற்கும்.

பழைய மெசி பெர்குசன் உழவு இயந்திரம் வைத்திருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் தேவையா?

ஒயில் சுவிட்ச், சூட்டு முள், டீசல் மிதவை, அவ்வளவுதான். எர்த்தைச் சுத்தமாக வைத்திருங்கள்.

வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் என்ன சொல்ல வேண்டும்?

மெசினின் மாதிரி இலக்கம், ஓடிய மணித்தியாலம், திரையின் படம், கோளாறு வரும் நேரம், கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள். இந்தக் கடைசி விவரத்தை மறைக்காமல் சொன்னால் அவர் சரியான பொருளோடு வருவார், இரண்டாவது பயணத்துக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

போகம் முடிந்து நிற்பாட்டும்போது?

முதலில் காற்றடித்துத் தூசியையும் சிந்திய நெல்லையும் வெளியேற்றுங்கள், பிறகுதான் தண்ணீர். அழுத்தத் தண்ணீரைக் கனெக்டரிலும் திரையிலும் கணினிப் பெட்டியிலும் நேராக அடிக்க வேண்டாம். கழுவிய பிறகு அரை மணித்தியாலம் எஞ்சினை ஓட விட்டு உலர்த்துங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். தாங்கிக் கதவையும் பக்கத்து மூடிகளையும் திறந்தே விடுங்கள், இருட்டும் ஒதுக்கும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். சிறுபோக வெட்டுக்கு இரண்டு கிழமை முன்னரே ஒருமுறை எடுத்து, ஒவ்வொரு லைற்றும் திறப்புப் போடும்போது எரிந்து எஞ்சின் எடுத்ததும் அணைகிறதா என்று பாருங்கள். அப்போது பழுது தெரிந்தால் சாமான் கொழும்பிலிருந்து வந்து சேர நேரம் இருக்கும்.